ஒரே ஈற்றில் பிறந்த இருவர்

பாக்கார் ஆராங் திடலில் காலையில் நடக்க வரும் நம் கூட்டத்தில், என் வயதுக்காரி ஒருத்தி சென்ற வாரம் முகம் வாடி நின்றாள். தெருவில் கிடந்த ஒரு நாய்க்குட்டியை அவள் மகன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டானாம்.

"என்னா ஜாதின்னே தெரியலலா. பாதி இது, பாதி அது. நாளைக்குப் பேரப்பிள்ளையக் கடிச்சிட்டா என்னா பண்றது? கலப்பு நாய நம்ப முடியாதுலா" என்றாள்.

கூட நின்ற நீங்கள் எல்லாரும் தலையாட்டினீர்கள். பசியாறப் போகும் அவசரத்தில் நானும் பேசாமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான், இதற்குப் பதில் சொல்ல நம் கூட்டத்தில் என்னைவிட ஏற்ற ஆள் இல்லை என்று தோன்றியது. என் வலது கைக் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு கலப்பு நாயின் பற்கள் பதிந்த தழும்பு இருக்கிறது. ஐம்பத்தைந்து வருடமாக இருக்கிறது. அது நல்ல நாய். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. செர்டாங்குக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா ரப்பர்ப் பால் ஏற்றும் லோரி ஓட்டினார், அம்மா பால் எடுக்க மரம் சீவினாள். மேட்டில் தோட்டத்து மேனேஜர் துரையின் பங்களா, அதற்குக் கீழே கிராணியின் தனி வீடு, அதற்கும் கீழே வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகள். கிராணி என்றால் உங்களில் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆபீஸில் பேர் பதிவது, வேலை பிரிப்பது, யாருக்கு எந்த வீடு என்று முடிவு செய்வது எல்லாம் அவர்தான். அவர் தோட்டத்துச் சாலையில், சடக்கில், வந்தால் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நடப்பார்கள்.

பங்களாவில் ஒரு அல்சேஷன் பெட்டை நாய் இருந்தது. அதைக் கண்ணைப்போல் பொத்தி வளர்த்தார்கள். அப்படியும் லயத்தில் சுற்றும் காது மடிந்த செவலை நாய் ஒன்று எப்படியோ வேலி தாண்டிவிட்டது. ஐந்து குட்டிகள். துரைக்கு ஒன்றுகூட வேண்டாம். பங்களாச் சமையல்காரர் குட்டிகளை ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு, கிழிந்த துண்டால் மூடி, கீழே கொண்டுவந்தார். தகரத்துக்குள்ளிருந்து பாலும் மூத்திரமும் கலந்த ஒரு வாடை வந்தது. இன்றைக்கும் எந்தக் குட்டியைத் தூக்கினாலும் அந்த வாடைதான் முதலில் எனக்கு நினைவுக்கு வரும்.

கிராணிதான் முதலில் எடுத்தார். நிமிர்ந்த காது, முதுகில் கறுப்பு, பார்த்தால் அசல் அல்சேஷன். "பாத்தியா, தாய அப்படியே உரிச்சு வச்சிருக்கு. திருடன் ஒருத்தன் இந்தப் பக்கம் வரமாட்டான்" என்றார். சீசர் என்று பேர் வைத்தார்.

கடைசியில் மிஞ்சியதுதான் எங்களுக்கு. செவலை நிறம், ஒரு காது மேலே, ஒரு காது கீழே, கால்கள் உடம்புக்குப் பொருத்தமில்லாத நீளம். நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி. அம்மா பொட்டு என்று கூப்பிட்டாள். அப்பா அவளைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூஞ்சியப் பாரு. சோத்துக்குத்தான் ஆவும்" என்று கீழே விட்டார்.

இரண்டு பேர் சொன்னதும் தப்பு. அது தெரிய ஒரு வருடம்கூட ஆகவில்லை.

பொட்டு வந்தவர்களைப் பார்த்துக் குரைக்கவே மாட்டாள். ஆனால் நாங்கள் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டமாக நடந்துபோகும்போது அவளுக்கு நிம்மதி இருக்காது. முன்னால் ஓடிப்போனவர்களின் குறுக்கே போய் நிற்பாள். பின்னால் தங்கி மாங்காய்க்குக் கல் எறிகிறவர்களின் முழங்காலை மூக்கால் தள்ளுவாள். எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்த பிறகுதான் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு சாதாரணமாக நடப்பாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அல்சேஷன் ஒருகாலத்தில் ஆடு மேய்க்க வளர்த்த நாய் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். மேய்க்கிற புத்தி முழுவதும் இந்தக் கோணல் காதுக்காரிக்குப் போயிருந்தது.

சீசருக்குத் தாயின் உடம்பு கிடைத்தது. தகப்பன் வழியாக வந்தது ஒரு லயத்து நாயின் எச்சரிக்கை. லயத்து நாய் எப்படி உயிர் பிழைக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். கை ஓங்குவதற்கு முன்பே மூன்று அடி பின்னால் போய்விடும். தூர நின்று பார்க்கும், காற்றை மோந்து பார்க்கும், பிறகுதான் கிட்ட வரும். சீசரும் அப்படித்தான். புது ஆள் வந்தால் கிராணியின் காலுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றான்.

கிராணிக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது.

வீட்டுக்குப் பின்னால் கொய்யா மரத்தில் அவனைச் சங்கிலி போட்டுக் கட்டினார். பச்சை மிளகாயை அரைத்துச் சோற்றில் பிசைந்து போட்டால் நாய்க்கு ரோஷம் வரும் என்று யாரோ சொன்னார்களாம், அதையும் செய்தார். மாலையில் ஆபீஸிலிருந்து வந்ததும் குடையால் அவன் விலாவில் குத்துவார். முதலில் சீசர் நடுங்கினான். பிறகு ஒருநாள் தொண்டைக்குள்ளே உறுமினான். குடை பின்வாங்கியது. அன்றைக்கு கிராணி சிரித்துக்கொண்டே எங்கள் லயம் வரைக்கும் வந்து சொன்னார்: "இப்பத்தான் ரத்தம் பேசுது!"

அது ரத்தமில்லை, குடையைத் தள்ளிவைக்க அவன் கற்றுக்கொண்ட ஒரே வழி. இதைப் பதினொரு வயதில் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரியாது. ஆனால் பார்த்தது நினைவிருக்கிறது: உறுமும்போது அவன் வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது.

அந்த வருடக் கடைசி விடுமுறையில் மழை விடவில்லை. மரம் நனைந்தால் சீவ முடியாது, அதனால் பாதி நாள் பெரியவர்களும் வீட்டில்தான் இருந்தார்கள். ஈர விறகின் புகையும் புளித்த ரப்பர்ப் பாலின் நாற்றமும் லயம் முழுவதும் நின்றன. சீசரின் சங்கிலி கொய்யா மரத்தைச் சுற்றிச் சுற்றிக் குறுகிப்போய், தண்ணீர்ச் சட்டி அவன் வாய்க்கு எட்டாமல் கிடக்கும். நான் போய்ச் சட்டியை நகர்த்தி வைத்துவிட்டு வருவேன். அவன் என்னை ஒன்றும் செய்ததில்லை.

அன்றைக்கு கிராணி வீட்டில் ஆட்டுக்கறி. பெரிய தொடை எலும்பு ஒன்றை அவனுக்குப் போட்டிருந்தார்கள். பொட்டு என் பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் அந்த மாதிரி எலும்பு கிடைக்காது. சீசருக்கு இன்னும் இரண்டு சின்ன எலும்பு இருக்கிறதே, இதைப் பொட்டுக்குக் கொடுத்தால் என்ன என்று நினைத்தேன். நினைத்ததும் கையை நீட்டிவிட்டேன்.

கடித்தான். ஒரே கடி. உடனே விட்டுவிட்டு, சங்கிலி இழுக்கும் தூரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

நான் போட்ட சத்தத்தில் ஆட்கள் ஓடி வந்தார்கள். பாவாடையெல்லாம் ரத்தம். "என்னாடி பண்ண? என்னாடி பண்ண?" என்று அம்மா கேட்டாள். எலும்பைத் திருடப் போனேன் என்று எப்படிச் சொல்வது? "தண்ணி வைக்கப் போனேன். கடிச்சிருச்சி" என்றேன்.

ஒருவர்கூட மறுகேள்வி கேட்கவில்லை. எல்லாரும் ஏற்கெனவே எதிர்பார்த்த பதில் அது.

ஆஸ்பத்திரிக் கொட்டகையில் டிரஸ்ஸர் காயத்தைக் கழுவிக் கட்டினார். தோட்டத்து நோய்நொடிக்கெல்லாம் மருந்து கொடுப்பவர் அவர்தான். அங்கேயே வைத்து கிராணி தீர்ப்புச் சொன்னார்.

"கலப்பு. அதான் புத்தியக் காட்டிருச்சி. சுத்தமான ஜாதி நாயா இருந்தா தண்ணி வைக்கிற கையக் கடிக்குமா? ரெண்டையும் சுட்டுரணும்."

"ரெண்டையுமா?" என்றாள் அம்மா.

"ஒரே வயிறும்மா. இன்னிக்கு அது, நாளைக்கு இது. தோட்டத்துல பிள்ளைங்க ஓடியாடுற எடம்."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "ஐயா சொல்றதும் சரிதான்" என்றார். அதற்காக நான் அவரை நெடுநாள் மன்னிக்கவில்லை. லோரி வேலையும் நாங்கள் இருந்த வீடும் அந்த ஐயாவின் கையில் இருந்ததை நான் எங்கே யோசித்தேன்?

நாய்களைக் காப்பாற்றியது டிரஸ்ஸரின் பிடிவாதம். அவருக்கு நாய் என்றாலே பயம். ஆனால் நோய் விஷயத்தில் யாருக்கும் வளைய மாட்டார். "சுட்டுட்டா, வெறி இருந்துச்சா இல்லையான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? பத்து நாள் உயிரோட வச்சுப் பாக்கணும். அதுக்கு அப்புறம் உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஆயாக் கொட்டகை ஒன்று காலியாகக் கிடந்தது. ஒருகாலத்தில் மரம் சீவப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போன இடம். சுற்றிலும் கம்பி வலை, உள்ளே பழைய தொட்டில் கயிறுகள். சீசரையும் பொட்டுவையும் அதற்குள் விட்டுப் பூட்டினார்கள். சோறு போட யாரும் முன்வரவில்லை. நான் போனேன். இன்றைக்கு எந்தத் தாயும் தன் பிள்ளையை அப்படி விட மாட்டாள், விடவும் கூடாது. அம்மா முதல் மூன்று நாள் கூடவே வந்து, சோற்றுத் தட்டைக் குச்சியால் வலைக்கு அடியில் தள்ளச் சொன்னாள்.

ஒவ்வொரு நாள் காலையிலும் டிரஸ்ஸர் ஆஸ்பத்திரி ஜன்னலுக்குள்ளிருந்தே குரல் கொடுப்பார். "ரெண்டும் உயிரோட இருக்காம்மா?"

"இருக்குங்க."

"தண்ணி குடிக்குதா?"

"குடிக்குதுங்க."

நோட்டில் எழுதிக்கொண்டு ஜன்னலைச் சாத்திவிடுவார்.

நான் வலைக்கு வெளியே ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருப்பேன். மழை, செய்வதற்கு வேறு வேலை இல்லை. அந்தப் பத்து நாளில் பார்த்ததுதான் என் நாய்ப் படிப்பு முழுவதும். பிறகு எத்தனையோ நாய் வளர்த்தேன், புத்தகமும் படித்தேன். பெரிதாக எதையும் கூட்டிச் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

சங்கிலி கழுத்திலிருந்து போனதும் சீசர் முதல் நாள் முழுவதும் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி நடந்தான். இரண்டாம் நாள் ஒரு மூலையில் படுத்துத் தூங்கினான். தூக்கம் என்றால் அப்படி ஒரு தூக்கம், செத்துவிட்டானோ என்று நான் பயந்து கூப்பிட்டேன். பொட்டு அவனை ஒட்டிப் போகவில்லை. எதிர் மூலையில் படுத்திருந்து, ஒவ்வொரு நாளும் ஒரு முழம் கிட்டே வந்தாள். நாலாம் நாள் அவன் முதுகில் தலையை வைத்துப் படுத்திருந்தாள்.

தட்டு வைத்தால் சீசர் என் முகத்தைப் பார்க்க மாட்டான், என் கையைத்தான் பார்ப்பான். கை தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும்வரை மெல்லுவதை நிறுத்திவிடுவான். உடம்பு பலகை மாதிரி விறைக்கும். கண் ஓரமாகத் திரும்பி, வெள்ளை தெரியும். கையை எடுத்தால் மறுபடி சாப்பிடுவான். ஐந்தாம் நாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குத் திடீரென்று புரிந்தது. எலும்புக்குக் கை நீட்டிய அன்றும் அவன் இதையெல்லாம் செய்தான். மெல்லுவதை நிறுத்தினான், விறைத்தான், ஓரக்கண்ணால் பார்த்தான். வேண்டாம் வேண்டாம் என்று அவனுக்குத் தெரிந்த வகையில் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் கடித்தான்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் மத்தியானம், அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்.

அம்மா துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏன்டி இத்தன நாளா சொல்லல?"

"அப்பா அடிப்பாங்க."

"அடிச்சா ரெண்டு நாள் வலிக்கும். நாளைக்குச் சுட்டுட்டாங்கன்னா?"

நான் அழுதேன். அவள் சமாதானப்படுத்தவில்லை. "அழுவாத. எங்கிட்டச் சொன்ன மாதிரியே நாளைக்கு ஸ்டோர்ல எல்லார் முன்னுக்கும் சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றாள்.

மறுநாள் மழை கொஞ்சம் விட்டு, காலையில் மரம் சீவினார்கள். மத்தியானம் பால் நிறுக்கும் ஸ்டோரில் எல்லாரும் வாளிகளோடு நின்றார்கள். அப்பா லோரியின் பக்கத்தில். கிராணி மேசையில். அம்மா என் முதுகில் கை வைத்தாள். நான் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன்.

"சீசர் சும்மா கடிக்கல. நான்தான் அது தின்னுக்கிட்டிருந்த எலும்ப எடுக்கப் போனேன். தண்ணி வைக்கப் போனேன்னு சொன்னது பொய்."

கிராணி பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "சின்னப் பிள்ள. நாய் மேல பாசம். காப்பாத்தணும்னு பொய் சொல்லுது."

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. பொய்யை ஒரு நொடியில் நம்பியவர்கள் உண்மையை நம்பவில்லை. எனக்கு அழுகை போய்க் கோபம் வந்தது. "அப்படின்னா வந்து பாருங்க" என்றேன். கிராணியிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. வரிசையில் நின்றவர்கள் வாளிகளைக் கீழே வைத்தார்கள். அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அம்மா நிதானமாகச் சொன்னாள். "வாங்க ஐயா. எப்படியும் இன்னிக்குப் பத்து நாள் முடியுது. நீங்களே ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க."

தூறல் ஆரம்பித்திருந்தது. கிராணி குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தார், பின்னால் நாங்கள், எங்களுக்குப் பின்னால் பாதித் தோட்டம். கொட்டகைக் கதவைத் திறந்தேன். குடை வாசலுக்கு வந்தது. அதைப் பார்த்ததும் சீசர் தரையோடு ஒட்டிவிட்டான். படுத்த இடத்திலேயே மூத்திரம் போய், அது மண்ணில் ஓடியது. ஊர்ந்து ஊர்ந்து பொட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்தான். நிமிர்ந்த காதும் கறுத்த முதுகும் உள்ள அவ்வளவு பெரிய நாய், கோணல் காதுக்காரியின் பின்னால்.

யாரும் சிரிக்கவில்லை. அம்மா மட்டும், "அந்தக் கொடைய எங்கிட்டக் குடுங்க ஐயா" என்றாள். அவர் கொடுத்தார். அவள் அதை மடக்கி, தூரக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

நான் உள்ளே போய்ச் சோற்றுத் தட்டை வைத்தேன், நாலடி தள்ளி உட்கார்ந்தேன். நேரம் ஆனது. சீசர் வந்தான், சாப்பிட ஆரம்பித்தான். பாதியில், "சீசர், வா" என்று கூப்பிட்டேன். கடைசி நாலு நாளாக வலை வழியாக அவனோடு பழகிய பழக்கம் அது. வந்தால் ஒரு துண்டுக் கருவாடு உண்டு. அவன் தட்டை விட்டுவிட்டு எழுந்து வந்தான். கட்டுப் போட்ட என் கையிலிருந்து கருவாட்டை உதட்டால் எடுத்தான். பல் படவே இல்லை.

வெளியே யாரோ மூச்சு விடுவது கேட்டது. ஆஸ்பத்திரி ஜன்னல் திறந்தது. "பத்து நாள் ஆச்சி! ரெண்டும் உயிரோட இருக்கு. நோய் கெடையாது. நான் எழுதிக் குடுக்குறேன்" என்று டிரஸ்ஸர் அங்கிருந்தே கத்தினார்.

கிராணி நனைந்துகொண்டு நின்றார். "எனக்கு வேணாம் இது. யாரு வேணும்னாலும் வச்சிக்குங்க" என்று திரும்பினார்.

"எங்க வீட்டுல இருக்கட்டும் ஐயா" என்றார் அப்பா.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போன பிறகு அடி விழும் என்று காத்திருந்தேன். "கையக் காட்டு" என்றார். கட்டைப் பிரித்துக் காயத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, தானே திரும்பக் கட்டிவிட்டார். அதோடு சரி.

சீசர் கடைசிவரை சிங்கமாக ஆகவில்லை. புது ஆளைக் கண்டால் மூன்றடி பின்னால் போவது போகவில்லை. ஆனால் தூரத்தில் எது அசைந்தாலும் முதலில் கேட்பது அவன்தான், முதலில் குரல் கொடுப்பதும் அவன்தான். வீட்டைச் சுற்றிப் பாம்பு வந்தாலும் பன்றி வந்தாலும் அவன் சொல்லி எங்களுக்குத் தெரியும். பயந்த நாய் என்று ஊர் ஒதுக்கியது நல்ல காவல் நாயாக இருந்தது. ஆகவே தோழியே, குட்டியின் காதைப் பார்க்காதே, நிறத்தைப் பார்க்காதே, தாய் தகப்பன் யாரென்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. கொஞ்ச நாள் அதன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார். எதற்கு விறைக்கிறது, எதற்கு வாலை ஆட்டுகிறது, எங்கே போய்ப் படுக்கிறது என்று பார். பேரப்பிள்ளைக்கு, சாப்பிடும்போது தொடக்கூடாது என்று சொல்லிக் கொடு. மற்றதை அதுவே சொல்லும்.

அடுத்த வருடம் கிராணிக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றல் வந்தது. சாமான்களை லோரியில் ஏற்றிய பிறகு அவர் தனியாக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். அவ்வளவு அருகில் அவரை நான் பார்த்ததில்லை. அவருக்குப் பிள்ளைகள் இல்லை என்பதே அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"நாயக் கூட்டிட்டுப் போலாமான்னு பாத்தேன்" என்றார் அம்மாவிடம்.

"எங்கிட்டக் கேக்காதீங்க ஐயா. இவளக் கேளுங்க."

"முடியாதுங்க" என்றேன். யோசிக்கவே இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அவர் தலையை ஆட்டினார். போகத் திரும்பியவர் நின்றார். சீசர் வீட்டுக்குள்ளிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இடி இடிச்சா நடுங்கும்மா" என்றார் என்னிடம். "கட்டாத. கட்டிலுக்கு அடியில போவட்டும், வெரட்டாத. நீயும் பக்கத்துல கைய மட்டும் தொங்கப் போட்டுக்கிட்டுப் படு. மோந்து பாத்துட்டு அதுவா தூங்கிரும்."

அது உண்மைதான். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு இடித்த முதல் இடிக்கே சீசர் நேராக அப்பாவின் கட்டிலுக்கு அடியில்தான் போனான். கொய்யா மரத்தில் கட்டிக் கிடந்த நாய்க்குக் கட்டிலுக்கு அடியில் போக யார் பழக்கிவிட்டது என்று நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை.

"சரிங்க ஐயா" என்றேன். அவர் லோரியில் ஏறிக்கொண்டார்.